கடையின் இணையப் பக்கமும் பல பாஷை வாடிக்கைக்காரரும்



மாக் மண்டினில் மளிகை வியாபாரம் செய்துவரும் நாம், சென்ற ஆண்டு நமது கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தோம். சரக்குப் பட்டியலைத் தமிழில் எழுதிவிட்டு, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் தானே பெயர்த்துத் தரும் இயந்திர வசதியிடம் விட்டுவிட்டோம். பெருஞ்சீரகம் என்று நாம் எழுதியதை அது மலாயில் 'ஜிந்தான் பெசார்' ஆக்கியிருந்தது. அப்படி ஒரு சரக்கை எந்த மலாய்க்காரரும் கேட்டதில்லை. கந்தூரிச் சமையலுக்குச் சீரகம் தேடிய ஓர் அம்மையார், பருமனான சீரகம் போலும் என்றெண்ணி மூன்று கிலோ கேட்டு எழுதினார். போய்ச் சேர்ந்ததோ சோம்பு! விருந்துக்கு முதல் நாள் இரவு அவர் மகன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நம்மால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சீரகத்தையும் கொடுத்தனுப்பினோம். அந்த அம்மையார் பிறகு நம் கடைக்கு வரவேயில்லை.

சோம்பு மலாயில் ஜிந்தான் மானிஸ். சீரகம் ஜிந்தான் பூத்தே. கருஞ்சீரகம் ஜிந்தான் ஹீத்தாம். இத்தனை வருஷமாக இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நாம் விற்கிறோம். நாவில் இருந்ததைப் பக்கத்தில் எழுதாதது நம்முடைய பிழையே. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சொல்லைப் பெயர்க்கும். சந்தையில் வழங்கும் பெயர் அதற்குத் தவறிப்போவதுண்டு.

பெரி ஏறி ஜார்ஜ் டவுன் போனால் இதற்கு ஒரு பாடம் தெருவிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட், மலாயில் லெபோ பாசார், நம்மவர் வாயில் கடைத்தெரு. ஒரே தெருவை அவரவர் தமக்கு வழக்கமான பெயரால் அறிகிறார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டின் கடைசியில் பழைய நகரத் தெருப் பலகைகளில் மலாயோடு ஆங்கிலம், சீனம், தமிழ், அரபு எழுத்துகளும் ஏறின. அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் வழி தேடி வருகிறவன் தன் எழுத்தைக் கண்டதும் நிற்கிறான் என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

அண்டை நாட்டாரைப் பற்றியும் ஒரு விஷயம். மேடானிலிருந்து வைத்தியத்திற்காகப் பினாங்கு வரும் இந்தோனேசியர் நம் மலாயைப் பெரும்பாலும் படித்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது 'பெர்ச்சுமா' என்று எழுதினால், இங்கே அது இலவசம். அவர்கள் நாட்டிலோ வீண் என்று பொருள்! அவர்களுக்கு 'கிராதிஸ்' என்று எழுத வேண்டும். சீனர் விஷயமும் கவனிக்கத்தக்கது. வீட்டில் ஹொக்கியன் பேசுகிறவரும் படிப்பது பொதுச் சீனம்தான். நம் நாட்டுச் சீனப் பள்ளிகளில் கற்பிப்பது சுருக்க எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய முழு எழுத்து.

பாஷையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சிலர் தேசக் கொடிகளை வைக்கிறார்கள். தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பது? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா, நம் மலேசியாவா? கொடி வேண்டாம். ஒவ்வொரு பாஷையின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே பக்கத்தின் உச்சியில் எழுதிவிட்டால் போதும். மிளகாய்த் தூளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பாஷையை மாற்றினால் மிளகாய்த் தூளுக்கே போய்ச் சேர வேண்டும். முகப்புக்குத் திருப்பி அனுப்பக்கூடாது.

மதரஸாவில் அரபுத் தமிழ் படித்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். அரபிலோ ஜாவியிலோ பக்கம் போடுவதானால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதாது. பக்கம் முழுவதையும் வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும். எண்கள் மட்டும் இடமிருந்து வலமாகவே ஓடும். இதைச் சரியாக அமைக்காவிட்டால் வரியின் நடுவிலுள்ள எடையும் விலையும் இடம் மாறி நிற்கும்.

விலைப் பட்டியலைப் படமாகப் பிடித்துப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுகிறவர் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தைப் பெயர்க்கும் வசதியும் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் பிறர் கைப்பேசியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இப்போது நாம் கைக்கொண்டிருக்கும் முறை இதுதான். சரக்கின் பெயர், எடை, விலை, கெடு தேதி, திருப்பி எடுக்கும் நிபந்தனை ஆகிய ஐந்தையும் இயந்திரத்திடம் விடுவதில்லை. அந்தந்தப் பாஷைக்கார வாடிக்கைக்காரர் ஒருவரைக் கொண்டே எழுதி வாங்குகிறோம். பிறகு அதே பாஷைக்காரர் வேறொருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, படித்துவிட்டு எந்த மூட்டை என்று கையைக் காட்டச் சொல்கிறோம். அவர் தவறான மூட்டையைக் காட்டினால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறோம். மலாயும் சீனமும் முடிந்துவிட்டன. தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வங்காளதேசத்துத் தம்பிமார்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வங்காளியில் எழுதித் தருகிறார்கள். பாதிப் பட்டியல் ஆகியிருக்கிறது.

மளிகைச் சாமான்களின் மலாய், சீனப் பெயர்ப் பட்டியல் கல்லாவில் இருக்கிறது. வேண்டுவோர் அஸருக்குப் பின் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.