உணர்வற்ற தோலுக்குக் கண்ணே காவல்

சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து தண்டுவடக் காயத்துடன் எங்களிடம் வருவோரில் தென்னையிலிருந்து விழுந்தவர் உண்டு. கிணற்றில் தவறி விழுந்தவர் உண்டு. நெடுஞ்சாலையில் லாரியோ இருசக்கர வண்டியோ கவிழ்ந்து அடிபட்டவரும் உண்டு. அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வரும் மறுவாழ்வுப் பயிற்சிக்கோ மாதங்கள் தேவைப்படும். அப்பயிற்சியில் உடற்பயிற்சியோடு கற்க வேண்டிய பாடங்களும் உள்ளன. இவ்விதழில் தோல் பராமரிப்பைப் பற்றிக் கூறுகிறோம். வீடு திரும்பியவரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முக்கியக் காரணங்களுள் படுக்கைப் புண்ணும் ஒன்று.

நலமாய் உள்ளவர் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் குறைந்தால் தோல் மூளைக்குச் செய்தி அனுப்பும். உடல் தானே நகரும். தண்டுவடம் காயமுற்றபின் அச்செய்தி மேலே செல்வதில்லை. ஆகவே வலியில்லை என்பதால் புண்ணும் இல்லை என்று கொள்ளலாகாது. வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பின் பக்கங்கள், கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களில் எலும்பு தோலை ஒட்டியிருப்பதால் புண் அங்கேதான் தொடங்கும்.

படுக்கையில் இருப்பவரைத் தொடக்கத்தில் 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் 15 முதல் 30 நிமிடத்திற்கு ஒருமுறை முன்புறமோ பக்கவாட்டிலோ நன்கு சாய்ந்து, ஓரிரு நிமிடங்கள் அவ்வாறே இருத்தல் வேண்டும். கைகளை ஊன்றி எழும்புவோர் உடனே அமர்ந்துவிடுகின்றனர், அது போதாது. காலையிலும் இரவிலும் கண்ணாடி கொண்டு தோலைப் பார்க்க வேண்டும். நம்மவர் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். அரை மணி நேரத்தில் அம்மாற்றம் மறையாவிடில், அது முற்றும் மறையும்வரை அவ்விடத்தில் உடல் எடை படலாகாது. தோல் உரிந்தால் எங்களிடம் வந்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவது வழக்கம். அதனால் உள்ளே நைந்த திசு மேலும் கெடும். நடுவில் துளையுள்ள காற்று வளையங்களும் வேண்டா. அவை விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டும். வெயிலில் காய்ந்த திண்ணை, வண்டியின் சைலன்சர், வெந்நீர்ப் பை ஆகியவற்றிலும் கவனம் தேவை. குளிக்கும் நீரின் சூட்டை உணர்வுள்ள கையால் சோதித்த பின்னரே ஊற்ற வேண்டும்.

தோல் உணர்விழந்தால் நேரும் கேட்டை நன்கு அறிந்த மருத்துவர் ஒருவர் நம் மாநிலத்திலேயே பணியாற்றினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அந்நோயாளிகளும் வலியறியாமையால் புண்பட்டவர்களே. 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே முன்னின்றார்.

குடும்பத்தாரிடம் ஒன்று கூற விரும்புகிறோம். அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள். பாடத்தையும் நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். நீங்கள் வயலுக்கோ வேலைக்கோ சென்றபின் அவர் என் செய்வார்? பாடம் முதலில் அவருக்கே உரியது. கைகளும் செயலிழந்தவர்கூட, "அம்மா, மணி நாலாச்சு, என்னை இடப்பக்கம் திருப்பு" என்று கேட்கப் பழக வேண்டும். தம் உடலுக்கு வேண்டியதைப் பிறரிடம் கேட்டுப் பெறுவதையும் நாங்கள் பயிற்சியாகவே கருதுகிறோம். முதல் சில நாட்கள் அவர் கூச்சப்படுவார், பொறுத்திருங்கள்.

கழுத்திலோ மேல் மார்பிலோ காயமுற்றோருக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. புண்ணோ, நிரம்பிய சிறுநீர்ப் பையோ, மலச்சிக்கலோ அவர்களது இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். கடும் தலைவலி, முகச் சிவப்பு, காயத்திற்கு மேலே வியர்வை ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். குறையாவிடில் 108ஐ அழையுங்கள். இவ்வடையாளங்களையும் காயத்தின் இடத்தையும் ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலிப் பையில் வைத்திருங்கள். வெளியூரில் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் அதைக் காட்டலாம்.