நம் அறைக்கு ஏற்ற ஒலிவாங்கி

முன்னாளில் பேசிய சொல் காற்றோடு போயிற்று. எழுதிய சொல்லே நின்றது. இன்று அந்நிலை மாறிவிட்டது. கையில் ஒரு கைபேசி இருந்தால் எவரும் தம் குரலைப் பதிந்து, எங்கெங்கோ வாழும் தமிழர்க்கு அனுப்பிவிடலாம். பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர் நடத்தவும், படக்காட்சிகளுக்குப் பின்னணி விளக்கம் கூறவும் நம் மாணவருள் பலர் ஆர்வம் கொண்டுள்ளனர். அவர்கள் கேட்கும் முதல் வினா, "குறைந்த விலையில் எந்த மைக் வாங்கலாம்?" என்பதே. விடை கூறுமுன், நான் செய்த பிழை ஒன்றைக் கூறிவிடுதல் முறையாகும்.

நம் சங்க விழாக்களுக்குப் பல ஆண்டுகள் சமைத்துப் போட்ட பெரியவர் ஒருவரின் நினைவுகளைப் பதிய விரும்பினேன். உதவித்தொகையில் இரண்டு மாதம் மிச்சம் பிடித்து, 'ஸ்டூடியோ தரம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். விடுதி அறையில் மேசைமேல் அதை நிறுத்தி, இரண்டடி தள்ளிக் கட்டிலில் அவரை அமர்த்தி, ஒன்றரை மணி நேரம் பேசவைத்தேன். தில்லியில் மே மாத வெயில். மின்விசிறியை நிறுத்த மனம் வரவில்லை. பின்னர் கேட்டபோது விசிறியின் இரைச்சலும் சுவர்களின் எதிரொலியுமே முன்னின்றன. பெரியவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கருவியில் குறையில்லை, அதை வைத்த இடத்திலும் முறையிலுமே குறை.

இருவகைக் கருவிகள்

ஒலிவாங்கியின் வேலை, காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றுவது. டைனமிக் வகையில், மெல்லிய தகடு ஒன்றோடு சிறு கம்பிச்சுருள் இணைந்திருக்கும். குரல்பட்டுத் தகடு அதிர, சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னோட்டம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை.

கண்டென்சர் வகையில், மிக அருகருகே இரண்டு தகடுகள் மின்னூட்டம் பெற்று நிற்கும். ஒன்று அதிர, இடைவெளி மாறி, மின்னழுத்தமும் மாறும். 1916இல் வென்டே என்பவர் இதனை உருவாக்கினார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கு வெளியிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் தரவேண்டும். 1962இல் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், மின்னூட்டத்தை நெடுங்காலம் தன்னிடமே வைத்திருக்கும் எலக்ட்ரெட் படலத்தைக் கொண்டு ஒலிவாங்கி செய்தனர். சட்டையில் செருகும் மைக் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது இவர்கள் உழைப்பின் பயனே.

தூரமே முதற் கணக்கு

டைனமிக் மைக் இரைச்சலைத் தானே விலக்கிவிடும் என்று கூறுவார் உளர். அது முழு உண்மையன்று. அதன் நுண்ணுணர்வு குறைவு. ஆதலால் வாயருகே வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அந்த அருகாமையே இரைச்சலை வெல்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் ஒலியின் செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறையும். 60 செ.மீ. தொலைவிலுள்ள மைக்கை 10 செ.மீ. அருகே கொணர்ந்தால் தூரம் ஆறில் ஒரு பங்காகும்; குரலின் செறிவு 36 மடங்காகும். விசிறியின் இரைச்சலோ இருந்தபடியே இருக்கும். இந்த 36 மடங்கு ஆதாயத்துக்கு நாம் ஒரு காசும் செலவிடவில்லை! மாறாக, கருவியின் ஒலியளவைக் கூட்டினால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

எதிரொலியும் அவ்வாறே. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 1.7 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப நொடியில் நூற்றில் ஒரு பங்கு போதும். காது அதனைத் தனி ஒலியாக உணராது. ஆனால் பல சுவர்களிலிருந்தும் இப்படித் திரும்பும் ஒலிகள் கூடிச் சொற்களைக் குழப்பிவிடும். இதற்கு மருந்து நம் அறையிலேயே உண்டு. குளிர்காலத்து ரஜாயைப் பேசுபவரின் பின்புறம் தொங்கவிடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவையுங்கள். எதிரொலி பெரிதும் அடங்கும்.

பணத்துக்கு ஏற்ற தேர்வு

கையில் பணமே இல்லையெனில் கைபேசியே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர்முகமாகப் பிடித்தால் பகரம் வரும்போதெல்லாம் மூச்சு மோதி 'டப்' என்று ஒலிக்கும்.

சில நூறு ரூபாய் இருப்பின், சட்டையில் செருகும் மைக் நன்று. பேட்டிகளுக்கு ஏற்றது, பேசுபவர் அதை மறந்து இயல்பாகப் பேசுவார். ஆனால் இவ்வகையிற் பெரும்பாலானவை எல்லாத் திசை ஒலியையும் ஏற்பவை. ஆதலால் அறை அமைதியாக இருத்தல் வேண்டும். உங்கள் கைபேசியில் அதற்குரிய துளை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில ஆயிரம் செலவிட முடிந்தால், கணினியில் நேரே செருகும் யுஎஸ்பி மைக் வாங்கலாம். 'கார்டியாய்டு' என்னும் ஒருபக்க வகையைக் கேளுங்கள். அது முன்புற ஒலியை ஏற்று, பின்புற ஒலியைக் குறைக்கும். அதன் முதுகை இரைச்சல் வரும் பக்கம் திருப்பி வைக்கவேண்டும். மூன்று முனைச் செருகி கொண்ட எக்ஸ்எல்ஆர் வகையின் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கணினியோடு இணைக்க இடைக்கருவி ஒன்று தனியே வேண்டும். தாங்கியும் கம்பியும் வேறு.

வாங்குமுன் ஒரு சோதனை

நண்பரின் மைக்கை இரவல் பெற்று, உங்கள் அறையிலேயே சோதியுங்கள். முதலில் அரை நிமிடம் பேசாமலிருந்து பதியுங்கள். அறையின் உண்மை இரைச்சல் தெரியும். பிறகு வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களை முறைமாற்றிப் பலமுறை கூறிப் பதியுங்கள். அதனை வேறொரு தமிழ் நண்பர் கேட்டு எழுதட்டும். அவர் பிழையின்றி எழுதினால் கருவியும் அறையும் தேறிவிட்டன. பிழை நேர்ந்தால், புதிய மைக் தேடுமுன் தூரத்தையும் எதிரொலியையும் திருத்துங்கள்.

இச்சோதனையை நான் பிந்தியே கற்றேன். அப்பெரியவர் தமக்குச் சமையல் கற்பித்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லி, அவர் ஊர்ப் பெயரையும் சொல்கிறார். அச்சொல்லின் நடுவே ஒலிப்பது ழகரமா, ளகரமா? பத்து முறை கேட்டும் தெளியவில்லை. மீண்டும் கேட்கச் சென்ற தை மாதத்துக்குப் பின் அவரும் இல்லை.

நண்பர்களே, நல்ல குரல்கள் நம்மிடையே உள்ளன. அவை நமக்காகக் காத்திரா. விலையுயர்ந்த கருவி வரட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு, விசிறியை நிறுத்தி, அருகே சென்று பதியுங்கள்.