மல்பெரி போன்சாய்: வெட்டிய இடம் மூட வேண்டுமானால்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் சுமார் 15 ஆண்டுகளில் மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவார்கள். ஆண்டுதோறும் அடிக்கவாத்து வாங்கி, முண்டும் முடிச்சுமாகப் பருத்த அந்த அடிக்கட்டைகள் விறகாகத்தான் போகின்றன. வேலூர், ஆம்பூர் போன்சாய் ஆர்வலர்கள் நர்சரிக்குப் போகும் முன் அந்தத் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். ஆனால் வி-1 என்ற மல்பெரி ரகத்தின் இலை மிக அகலம், சிறு தொட்டிக்கு எடுபடாது. வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்தக் கட்டையை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். நட்ட முதல் ஆண்டு கத்தி வைக்க வேண்டாம். வேர் பிடிக்கட்டும்.

கட்டை துளிர்த்த பிறகுதான் கவாத்துப் பேச்சு. மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. கெட்ட திசுவை உள்ளே தடுப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து புதுப்பட்டையை உருட்டிக்கொண்டு வந்து மரம் மேலே மூடும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். வெட்டில் பூசும் பசை அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டதுதான். போன்சாயில் பசைக்கு ஒரே வேலை, பட்டையோரம் காய்ந்துவிடாமல் காப்பது. சாணமும் செம்மண்ணும் அப்புவதை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அதனடியில் ஈரம் நின்றுபோகும்.

மல்பெரிக்கு இன்னொரு குணம் உண்டு. வெட்டிய இடத்திலிருந்து அடுத்த துளிர் வரை கிளை காய்ந்துகொண்டே போகும். அதனால் தடித்த கிளையை முதல் நாளே தண்டோடு ஒட்ட அறுக்காதீர்கள். ஓர் அங்குலமோ இரண்டோ விட்டு அறுங்கள். காய்ந்தது எது, உயிருள்ளது எது என்று தெளிவாகத் தெரிந்தபின், அடுத்த பருவத்தில் மிச்சத்தை எடுங்கள். அப்போதும் கிளை தண்டில் சேரும் இடத்து வளையத்தைத் தொடக்கூடாது. ரம்பம் கிழித்த பட்டையோரத்தைக் கூரான கத்தியால் சீவிவிடுங்கள். ஆம்பூரில் தோல் சீவும் கத்தி இதற்கு அருமையாக உதவும். பால் வடியும், பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இலை. காயத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒரு கிளையைக் கிள்ளாமல், வளைக்காமல் தன் போக்கில் நீள விடுங்கள். அதன் இலைகள் சமைத்து அனுப்பும் உணவில்தான் பட்டை உருளும். மூடும்வரை அது இருக்கட்டும், அழகு பிறகு. பெரிய வெட்டு ஆண்டுக்கு ஒன்று போதும். தண்டின் பாதி அகலத்துக்கு மேற்பட்ட காயம் மூடும் என்று காத்திருக்காதீர்கள்; பொந்தாகக் குடைந்து, தண்ணீர் வெளியே வடியும்படி சரித்துவிடுங்கள். கிழட்டு மரத்தில் பொந்து இயல்பானதே.

நம் ஊரில் பெரிய வெட்டுக்கு ஏற்ற காலம் ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டினால் பூஞ்சணம் புகும். சித்திரை, வைகாசி வெயிலில் வெட்டினால் ஓரம் கருகும்.

கடைசியாகத் தண்ணீர். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியிருக்கிறது. உப்பேறிய போர்வெல் நீரை ஊற்றினால் இலையோரம் கருகும்; கருகிய இலை காயத்தை மூடாது. மாடியில் விழும் மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அதற்கு வழியில்லாதவர்கள் பெரிய வெட்டை இந்த ஆண்டு தள்ளிப்போடுவதே நல்லது.