முட்டை ஓட்டில் ஓர் எண்

மலேசியக் கடைகளில் முட்டைகளை ஏ, பி, சி எனத் தரம் பிரித்து விற்கிறார்கள். அந்த எழுத்து முட்டையின் எடையைக் குறிக்கிறது. முட்டையிட்ட கோழி எப்படி வளர்ந்தது என்பதை அது சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் அந்தத் தகவலை முட்டை ஓட்டின் மீதே அச்சிட வேண்டும். குறியீட்டின் முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

0 – இயற்கை வேளாண்மைப் பண்ணை. கோழிகளுக்கு இயற்கைத் தீவனம். வெளியே உலவ இடம்.
1 – திறந்தவெளிப் பண்ணை. பகலில் வெளியே செல்லலாம். கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் வெளியிடம்.
2 – கொட்டகை. கூண்டு இல்லை, ஆனால் வெளியே செல்ல முடியாது.
3 – கூண்டு.

அடுத்து வரும் எழுத்துகள் நாட்டையும், மீதி எண்கள் பண்ணையையும் காட்டும்.

செய்து பாருங்கள்

ஏ4 தாள் ஒன்றைத் தரையில் வையுங்கள். அதன் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ. பரப்பளவு ஏறக்குறைய 624 சதுர செ.மீ. பழைய வெறுங்கூண்டில் ஒரு கோழிக்குச் சட்டம் கேட்ட குறைந்த அளவு 550 சதுர செ.மீ. மட்டுமே! 2012 முதல் அத்தகைய கூண்டுகளுக்கு அங்கே தடை. இப்போதைய கூண்டில் 750 சதுர செ.மீ. இடமும், முட்டையிடும் மறைவிடமும், அமர்வதற்குக் கம்பும் இருக்க வேண்டும்.

குறியீடு எதற்கு?

கூண்டு முட்டையையும் திறந்தவெளி முட்டையையும் உடைத்து வாணலியில் ஊற்றினால் வேறுபாடு தெரியாது. அடையாளம் இல்லாவிட்டால், கூடுதல் செலவு செய்து கோழிகளை நன்கு வளர்ப்பவருக்கு அதற்கேற்ற விலை கிடைக்காது. குறியீடு வந்தபின் வாங்குபவரால் தேர்ந்தெடுக்க முடிகிறது.

எண் சொல்லாதது

எண் 1 என்றால் எல்லாம் நலமா? அவசியமில்லை. திறந்தவெளிப் பண்ணையிலும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகுகளைப் பிடுங்குவதுண்டு. சில கோழிகள் கதவு திறந்திருந்தும் வெளியே போவதில்லை. அந்த எண் கோழிக்குக் கொடுக்கப்பட்ட வசதியைத்தான் சொல்கிறது. கோழியின் நிலையைச் சொல்வதில்லை.

இதனால் பிரிட்டனில் சில தரச்சான்றுத் திட்டங்கள் கோழியையே அளக்கத் தொடங்கின. அஷ்யூர்வெல் என்ற திட்டத்தின் முறைப்படி, பண்ணைக்கு வரும் ஆய்வாளர் இடத்தை மட்டும் அளப்பதில்லை. மந்தையில் சில கோழிகளைப் பார்த்து, கழுத்திலும் முதுகிலும் எவ்வளவு இறகு உதிர்ந்துள்ளது என மதிப்பெண் இடுகிறார். மதிப்பெண் மோசமானால், காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டியவர் பண்ணையாளர். முன்னது வசதியை அளக்கும் முறை. பின்னது விளைவை அளக்கும் முறை. நம்பகமான சான்றுக்கு இரண்டும் தேவை.

சிந்திக்க

1. 9 கோழிகள் ஒரு சதுர மீட்டர் கொட்டகையில் இருந்தால், ஒரு கோழிக்கு எத்தனை சதுர செ.மீ. கிடைக்கும்?
2. வீட்டிலுள்ள முட்டைப் பெட்டியைப் பாருங்கள். புல்வெளிப் படம் இருக்கிறதா? கோழி வளர்ந்த விதத்தைச் சொல்லும் சொல் ஏதேனும் இருக்கிறதா?