பால்ரஸ் குண்டும் ஒரு பலகையும்: சாய்த்து ஆடும் விளையாட்டை வடிவமைக்க வருவோர்க்கு

பொம்மை வடிவமைப்பில் இறங்க நினைக்கும் திருச்சி பாலக்கரைப் பிள்ளைகள் முதலில் போக வேண்டிய இடம் சைக்கிள் கடை. "3/16 இன்ச் பால்ரஸ் குண்டு கொடுங்கண்ணே" என்று கேளுங்கள். முன்சக்கரத்துக்குப் போடுவது. ஒரு பொட்டலம் போதும். எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வரும். மண்ணெண்ணெயில் அலசித் துணியில் துடைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டுகிற படமெல்லாம் கறையாகும்.

செய்யப்போகும் பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா, மேலே தெளிவான மூடி, உள்ளே ஒரு யானைப் படம், யானையின் கண்ணில் சின்னக் குழி. டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துக் குண்டைக் குழியில் உட்காரவைக்க வேண்டும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, புரோகிராமும் கிடையாது. ஐந்தாறு பாகங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு விளையாட்டு ஏன் பிடிக்கிறது, எந்த இடத்தில் சலிக்கிறது என்பதைப் படிக்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

இந்த வகைக்கு ஒரு பெரிய மூதாதை உண்டு. 1889இல் அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டால் என்ற பொம்மைக்காரர் 'பிக்ஸ் இன் க்ளோவர்' என்றொரு ஆட்டத்தை விட்டார். வட்டத்துக்குள் வட்டமாக வேலிகள், ஒவ்வொரு வேலியிலும் ஒரு வாசல், நடுவில் பட்டி. கோலிகள்தான் பன்றிகள்; எல்லாவற்றையும் பட்டிக்குள் அடைக்க வேண்டும். செனட் உறுப்பினர்கள்கூட வேலையை விட்டுவிட்டு இதை உருட்டிக்கொண்டிருந்ததாக அன்றைய பத்திரிகைகள் கேலி செய்தன. லண்டனில் ஜர்னெட் கம்பெனி கண்ணாடி மூடி போட்ட இத்தகைய டப்பாக்களைப் பல பத்தாண்டுகள் விற்றது. 1946இல் ஸ்வீடனின் பிரியோ கம்பெனி, இரண்டு திருகுகளால் சாய்க்கும் மரப்பெட்டி 'லேபிரிந்த்'தைக் கொண்டுவந்தது. அது இன்னும் கடையில் இருக்கிறது. வழவழப்பு, விளம்பரம், தொழில்நுட்பம் எல்லாம் மாறினாலும் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற நச்சரிப்பு மட்டும் 130 ஆண்டுகளுக்கு மேலாக மாறவே இல்லை. நீங்கள் வடிவமைக்கப்போவது அந்த நச்சரிப்பைத்தான். படம், நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

வேலைக்கு வருவோம். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, 2 மி.மீ. அக்ரிலிக். நேம்போர்டு, ஷீல்டு செய்யும் கடைகளில் லேசர் கட்டிங்குக்குக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். குண்டு ஏன் 3/16 இன்ச் என்றால், அதன் விட்டம் 4.76 மி.மீ., ஆரம் 2.38. குண்டு சுவரில் மோதும் இடம் அதன் நடுவயிற்று உயரம். சுவர் அதைவிட உயரமாக இருந்தால் குண்டு நேராக முட்டித் திரும்பும். தாழ்வாக இருந்தால் விளிம்பில் ஏறப் பார்க்கும். 3 மி.மீ. சுவர் இந்தக் குண்டுக்குப் போதும். பின்சக்கரத்துக்கான கால் இன்ச் குண்டை எடுத்தால் ஆரமே 3.17 மி.மீ., அதே சுவர் தோற்றுப்போகும். மூடிக்கும் தரைக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுவருக்கு மேல் 3 மி.மீ.தான் மிச்சம், குண்டு தாண்டிக் குதிக்க வழியில்லை.

குழியின் அளவுதான் உயிர்நாடி. குண்டு குழிக்குள் விழுந்து மறைவதில்லை, விளிம்பில் உட்காருகிறது. குழியின் ஆரத்தைக் குண்டின் ஆரத்தால் வகுங்கள். வரும் எண் எந்தக் கோணத்தின் சைனோ, அந்தக் கோணத்துக்கு மேல் தட்டைச் சாய்த்தால் குண்டு வெளியே வந்துவிடும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். 2.5 மி.மீ. விட்டமுள்ள குழி ஏறக்குறைய 32 டிகிரி வரை பிடித்து வைக்கும். 2 மி.மீ. குழி 25 டிகிரி. 1.5 மி.மீ. என்றால் 18. 1.2 மி.மீ.க்கு 15கூட முழுசாக இல்லை. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் குழந்தை விளையாட்டு பெரியவர்களைப் பல்லைக் கடிக்கவைக்கும் விளையாட்டாகிவிடுகிறது. லேசரில் வெட்டினால் கதிரின் தடிமன் அளவுக்குத் துளை சற்றுப் பெரிதாகவே வரும். வரைபடத்தில் அதைக் கழிக்காமல் கொடுத்தால் உங்கள் கணக்கு அங்கேயே சரிந்துவிடும். துளைகளை மட்டும் டிரில் பிட்டால் போடுவது என் கட்சி.

இன்னொன்று பலருக்கு நம்ப முடியாது. வழவழப்பான தட்டில் பெரிய குண்டும் சின்னக் குண்டும் ஒரே வேகத்தில்தான் உருளும். வேகத்தைத் தீர்மானிப்பது சாய்வு. 2 டிகிரி சாய்த்தால் 10 செ.மீ. ஓட 0.9 விநாடி, 5 டிகிரி என்றால் 0.6 விநாடிகூட ஆகாது. கண் பார்த்துக் கை திருப்புவதற்கே ஏறக்குறைய கால் விநாடி போய்விடும். ஆகவே தடையில்லாத நீண்ட ஓட்டத்தை எங்கேயும் விடாதீர்கள். நடுவில் ஒரு மூலையோ சிறு தடுப்போ இருந்தால் ஆடுபவர் மூச்சு விட்டுக்கொள்வார்.

எல்லாக் குழிகளையும் ஒரே அளவில் போடுவது சோம்பேறி வடிவமைப்பு. ஐந்து குண்டு இருந்தால் கடைசிக் குண்டைத் துரத்தும்போது முன்பு உட்கார்ந்த நான்கும் எழுந்து ஓடாமல் இருக்க வேண்டும். நாடகமே அங்கேதான் நடக்கிறது. முதல் மூன்றுக்கு 2.5, நான்காவதற்கு 2, கடைசிக்கு 1.5 எனக் கொடுத்துப் பாருங்கள். பிறகு வரிசையைப் புரட்டி ஓரத்தில் இருந்த 1.5 குழியை நடுவில் வையுங்கள். ஒரே தட்டு வேறு விளையாட்டாகிவிடும்.

படத்துக்கு உள்ளூரிலேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு உடனே தோன்றுவது ஸ்ரீரங்கத்தின் ஏழு பிரகாரம். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று வெளியிலிருந்து உள்ளே போகும் அமைப்பு, கிராண்டாலின் வட்ட வேலிகளுக்குச் சதுரத்தில் ஒரு அண்ணன். ஆசை சரி, அளவைப் பாருங்கள். குண்டு ஓட 7 மி.மீ. பாதை, 2 மி.மீ. சுவர், ஆக ஒரு சுற்றுக்கு 9 மி.மீ. ஏழு சுற்றுக்கு 63. நடுவில் 10 விட்டால் மையத்திலிருந்து 73, அதாவது பக்கத்துக்குப் பக்கம் 146 மி.மீ. இது கைக்கு அடங்காது, தாம்பாளம் தூக்கியது போல இருக்கும். நான்கு சுற்றோடு நிறுத்தினால் 92 மி.மீ. உள்ளங்கைக்குச் சரி. ஏழும் வேண்டும் என்றால் குண்டைச் சிறிதாக்க வேண்டும். அப்போது குழியின் கணக்கெல்லாம் மறுபடி ஆரம்பம். கோயில் வரைபடத்தை ஆட்டமாக்கும்போது குண்டுக்கு என்ன உருவம் கொடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கப் பன்றிகள் இங்கே செல்லாது.

மாதிரி தயாரானதும் முதல் சோதனையை நீங்களே செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் குலுக்குங்கள். குண்டுகள் தாமாக உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் தோல்வி. அடுத்து, ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஆடிப் பாருங்கள். டிரைவர் சற்று அழுத்திப் பிரேக் போட்டால் தட்டை 14, 15 டிகிரி சாய்த்ததற்குச் சமம். 1.2 மி.மீ. குழி அங்கே நிற்காது. பயணத்துக்கான விளையாட்டு என்று அட்டையில் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு மற்றவர்கள் கை. பாலக்கரை ரவுண்டானா ஆட்டோ ஸ்டாண்டு, தையல் கடை, டீக்கடை, பூக்கட்டும் அக்கா: இவர்கள் ஒவ்வொருவர் விரலும் வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்தது. "அண்ணே, ரெண்டு நிமிஷம் இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டுங்கள். எப்படி ஆடுவது என்று சொல்லாதீர்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், "சூப்பர் தம்பி" என்றுதான் பதில் வரும், நம் ஊர்க்காரர்கள் பிள்ளைகள் மனம் நோக விடமாட்டார்கள். வாயைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். கட்டைவிரல் மூடியை அழுத்துகிறதா? மணிக்கட்டு திரும்புகிறதா, உடம்பே சாய்கிறதா? மூடியில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கூசித் தலையைத் திருப்புகிறாரா? தட்டை மேசையில் தட்டுகிறாரா? தட்டுவது குறுக்கு வழி. அதை முழுக்க அடைத்துவிடாதீர்கள், ஏமாற்றுவதும் ஆட்டத்தில் ஒரு ருசி. சவாரி வந்த பிறகும் டப்பாவைத் திருப்பித் தராமல் "இரு, இதை மட்டும்" என்கிறாரே, அந்த நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். வயது, முதல் வெற்றிக்கு ஆன நேரம், எந்தக் குழியில் கைவிட்டார் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். முதல் குண்டு அரை நிமிடத்துக்குள், முழு ஆட்டமும் மூன்று நிமிடத்துக்குள் சாதாரணக் கைக்கு முடிய வேண்டும் என்பது என் அளவுகோல். உங்களுடையது வேறாக இருக்கலாம்.

செல்போனுக்குப் போக விரும்புவோர்க்கு இதே பாடம் உதவும். 2008இல் ஸ்வீடனின் இல்யூஷன் லேப்ஸ் ஐபோனில் விட்ட 'லேபிரிந்த்', மரப்பெட்டியின் நேர் வாரிசு. போனிலுள்ள ஆக்சலரோமீட்டர் கை நடுக்கத்தையும் சேர்த்தே சொல்லும். அந்த இரைச்சலை அதிகமாக வடிகட்டினால் குண்டு தாமதித்து ஓடும், குறைவாக வடிகட்டினால் துடிக்கும். படுத்துக்கொண்டு ஆடுபவருக்கு எந்தக் கோணம் சமதளம் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் ஒரு பொத்தான் வேண்டும். பலகையில் பழகியவர் இந்த அளவுகளைக் கையால் உணர்ந்து சொல்வார்.

விற்கும் நினைப்பு வந்தால் சட்டம் குறுக்கே நிற்கும், முன்னதாகவே படியுங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விளையாடுவதற்கென்று வடிவமைத்த பொருள் எல்லாம் இதில் வரும். அட்டையில் '14+' என்று போட்டுவிட்டு யானைப் படம் ஒட்டினால் தப்ப முடியாது. பார்க்க வேண்டிய தரநிலை ஐ.எஸ். 9873. அதன் முதல் பகுதி உடைதல், கூர்முனை, சின்னப் பாகம் பற்றியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து பிரியும் பாகம் 31.7 மி.மீ. விட்ட உருளைக்குள் அடங்கினால் அது விழுங்கும் ஆபத்து. உங்கள் 4.76 மி.மீ. குண்டு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த ஆட்டம் சின்னக் குழந்தைக்கு ஆகாது, பெரியவர்களுக்கும் மூடி கழன்றுவிடக் கூடாது. கீழே போட்டு, மிதித்து, திருகிப் பாருங்கள். பெயிண்டில் ஈயம் போன்ற நஞ்சுகள் பற்றி மூன்றாம் பகுதி பேசுகிறது. மத்திய அரசின் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. கையால் செய்பவர்கள் அந்தப் பதிவை விசாரியுங்கள்.

காப்புரிமை ஆசை பலருக்கு. விளையாடும் முறைக்குப் பேட்டன்ட் கிடையாது, இந்தியச் சட்டத்தின் 3(எம்) பிரிவு அதை நேராக ஒதுக்குகிறது. ஆனால் தட்டின் தோற்றத்தை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். பத்தாண்டு பாதுகாப்பு, பிறகு ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனையில் பலர் கோட்டைவிடுகிறார்கள்: விண்ணப்பிக்கும் முன் அது பொதுவெளியில் வந்திருக்கக் கூடாது. வைகுண்ட ஏகாதசி இருபத்தோரு நாள் கூட்டத்தில் கடை போட்டுவிட்டோ, இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டுவிட்டோ பதியப் போனால் புதுமை போயிற்று. ஆட்டோ ஸ்டாண்டு சோதனைக்கும் அதனால்தான் படம் ஒட்டாத வெறும் தட்டை எடுத்துப்போவது நல்லது. பாதைகளின் அமைப்பே உங்கள் புதுமை என்றால் முதலில் விண்ணப்பம், பிறகுதான் டீக்கடை.

வேலை எங்கே? எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் சென்னையிலிருந்து இயங்குகிறது, ராணிப்பேட்டையிலும் கோவாவிலும் ஆலை வைத்திருக்கிறது. சென்னையின் கிரீடா நிறுவனம் பல்லாங்குழி, பரமபதம் போன்ற பழைய ஆட்டங்களை இன்றைய வீடுகளுக்கு ஏற்றபடி செய்து விற்கிறது. பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. உள்ளூரில் செய்பவர்களுக்கு இடம் திறந்தது உண்மை, ஆனால் மோல்டு செய்யத் தெரிந்தவர்களுக்கே அதில் பெரும்பங்கு. பத்தாவது முடித்தவர்கள் மத்திய அரசின் சிபெட் நிறுவனத்தில் மூன்றாண்டு பிளாஸ்டிக் மோல்டு டிப்ளமோ படிக்கலாம். பட்டதாரிகளுக்குத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. சேர்க்கை டாட் நுழைவுத் தேர்வு வழியாக. என்.ஐ.டி. என்றதும் துவாக்குடிப் பக்கம் கை காட்டுவார்கள், அது பொறியியல் கற்பிக்கும் வேறு என்.ஐ.டி. படிக்காமலே தொடங்குவோர்க்கு அரியமங்கலம், துவாக்குடித் தொழிற்பேட்டைகளில் பெல் (BHEL) ஆலையை நம்பி வளர்ந்த சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அளவு பிசகாமல் வெட்டிக் கொடுக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே நிறைய. பொம்மை என்றதும் முதலில் சிரிப்பார்கள். வரைபடத்தை மில்லிமீட்டரில் நீட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

நேர்காணலுக்குக் கணினியில் வரைந்த பளபளப்பான படங்களோடு போகிறவர்கள் ஏராளம். நீங்கள் நான்கைந்து தட்டுகளைக் கொண்டுபோங்கள்: முதலில் செய்தது, தோற்றது, ஓரளவு தேறியது, கடைசியானது. ஒவ்வொன்றின் முதுகிலும் குழியின் அளவை எழுதியிருங்கள். நோட்டும் கையில் இருக்கட்டும். மூடிகளுக்கு டேப் ஒட்டி எடுத்துப்போங்கள், குண்டு சிந்தினால் அடுத்தவர் அலுவலகத்தில் மேசைக்கடியில் தவழ வேண்டியிருக்கும். கேள்வி கேட்பவர் முன் தோற்ற தட்டை முதலில் வைத்து, அதில் எந்தக் குழியை ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கடைசித் தட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சம்பளப் பேச்சை அவர் நான்காவது குண்டைத் துரத்தும்போது ஆரம்பிக்கலாம்.