தூது ஒன்று, விளைவு பல

இதயம் துடிக்கவோ உணவு செரிக்கவோ நாம் ஆணை பிறப்பிப்பதில்லை. நாம் உறங்கும்போதும் இப்பணிகளை நடத்திச் செல்வது தன்னியக்க நரம்பு மண்டலம். ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடுபவை அதன் பரிவு நரம்புகள். ஓய்வு வேளையில் செரிமானம் முதலியவற்றைக் கவனிப்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். இவை உறுப்புகளிடம் எவ்வாறு பேசுகின்றன? நரம்பிலிருந்து உறுப்புக்கு மின்சாரமே தாவிச் செல்கிறது என்று ஒரு காலத்தில் பலர் கருதினர்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவி, ஓரிரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டார். அரைத் தூக்கத்தில் எழுந்து குறித்தும் வைத்தார். காலையில் அவரது கையெழுத்து அவருக்கே விளங்கவில்லை! மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை விடியும்வரை காத்திராமல் சோதனைக்கூடத்திற்கு விரைந்தார். இரு தவளைகளின் இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தோடு இணைந்திருந்த வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு தளர்ந்தது. அவ்விதயத்தினுள் இருந்த கரைசலை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாம் இதயத்தில் செலுத்தினார். அதுவும் தளர்ந்தது. நரம்பின் செய்தி நீரில் கரைந்து வந்திருந்தது! இதனை அவர் 1921-இல் வெளியிட்டார். அந்தத் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசும் பெற்றார். அப்பரிசுப் பணத்தை 1938-இல் நாஜிகள் பறித்துக்கொண்டது வேறு கதை.

தூதுப்பொருளைக் கண்டுவிட்டால் எல்லாம் விளங்கிவிடுமா? இல்லை. இதயத்தைத் தளர்த்தும் அதே அசிட்டைல்கோலின் குடலைச் சுருங்கி இயங்கச் செய்கிறது. அட்ரினலினோ இன்னும் விந்தையானது. அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இதயத்தை விரைவுபடுத்துகிறது, மூச்சுக்குழாய்களையோ விரித்துவிடுகிறது. காரணம் ஒன்றாயின் காரியமும் ஒன்றாக வேண்டாமா என்று தர்க்கம் பயின்றோர் கேட்பர். விடை, செய்தியைப் பெறும் இடத்தில் இருக்கிறது. உறுப்புகளின் உயிரணுக்களில் இத்தூதுப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. அவற்றுக்கு ‘ஏற்பி’ என்று பெயர். இத்தமிழ்ச் சொல் மூலச் சொல்லைவிடத் தெளிவாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அட்ரினலின் ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என 1948-இல் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கரான அல்குவிஸ்ட். பின்னர் பீட்டாவிலும் உட்பிரிவுகள் அறியப்பட்டன. இதயத்தில் மிகுதி பீட்டா-1, மூச்சுக்குழாயில் பீட்டா-2. தூது ஒன்றே, விளைவை முடிவு செய்வது ஏற்பி.

இது ஏட்டறிவு மட்டுமன்று. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், பீட்டா ஏற்பிகளை அடைத்துவிடும் புரோபிரனலால் மருந்தை உருவாக்கினார். அட்ரினலின் வந்தாலும் அமர்வதற்கு இடம் இராது. இதயத்தின் சுமை குறையும், நெஞ்சுவலி தணியும். ஆனால் இம்மருந்து பீட்டா-1, பீட்டா-2 என்று வேறுபாடு பார்ப்பதில்லை. மூச்சுக்குழாய் ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் ஆஸ்துமா உள்ளவருக்குக் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். அவ்வேளையில் அவர் உறிஞ்சும் சால்பியூட்டமால் வேலை செய்வதும் அதே பீட்டா-2 ஏற்பியின் வழியாகத்தான். அங்கோ இடம் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது! பிற்காலத்து அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தையே நாடுபவை. எனினும் அளவு கூடினால் அந்த வேறுபாடு மங்கிவிடும்.

கண் நீர் அழுத்த நோய்க்குத் தரப்படும் டிமலால் சொட்டு மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. கண்ணில் விட்ட துளி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி, இரத்தத்தில் கலந்து நுரையீரலை எட்டுகிறது. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையை விரலால் சற்று நேரம் அழுத்திக்கொண்டால் அவ்வாறு இறங்குவது குறையும். ஆயினும் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் அதனைக் கண் மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். ‘கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?’ என்றெண்ணிப் பலர் கூறாமல் விட்டுவிடுகின்றனர். ஏற்கெனவே பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி மிகலாம், மாரடைப்பும் நேரலாம். மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.