கீரிமலைத் தீர்த்தமும் பிதிர்கடனும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் தலங்கள் சிலவே. அவற்றுள் யாழ்ப்பாணத்தின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே அமைந்துள்ள கீரிமலையும் ஒன்றாகும். பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றான நகுலேஸ்வரத்தை வழிபட எவரும் எந்நாளும் செல்லலாம். ஆனால் ஆடி அமாவாசையன்று தர்ப்பணஞ் செய்யச் செல்லும் உரிமை, தந்தையை இழந்த பின்னரே ஒருவரிடம் வந்து சேர்கின்றது. தாயை இழந்தோர்க்குச் சித்திரா பௌர்ணமி விரதம் உரியது.

கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கு நீராடி மனிதமுகம் பெற்றார் என்பதும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி மாவிட்டபுரத்திலே முருகனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பதும் யாவரும் அறிந்த வரலாறுகள். மாவிட்டபுரக் கந்தன் ஆடி அமாவாசையன்று தீர்த்தமாட எழுந்தருளுவதும் கீரிமலைக்கே.

அலை வந்து மோதும் மதிலுக்கு இப்பால் கேணியில் ஊற்றுநீர் பெருகுவது இத்தலத்தின் தனிச்சிறப்பு. நிலத்தில் விழும் மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, நிலத்தடி வழியாக வந்து கரையிலே ஊற்றெடுக்கின்றது. கடலில் மூழ்கியவர் உப்புநீர் போகக் கேணியில் நீராடுவர். (அக்கேணியில் சவர்க்காரம் போடுவோரும் உளர். தீர்த்தம் வேறு, குளியலறை வேறு என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.)

தருப்பை அணிந்து, எள்ளும் நீரும் இறைக்கும்போது தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். இங்கேதான் இன்று பலர் தடுமாறுகின்றனர். கோத்திரம் தெரியாதவர் சிவகோத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பூட்டனின் பெயருக்கு அவ்வாறு வேறொன்றை இட்டு நிரப்ப வழியில்லை. வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே வருபவர், ஐயர் பெயர் கேட்கும்போது அருகில் நிற்கும் மாமனாரின் முகத்தைப் பார்ப்பது பரிதாபமே. பேர் சொல்லத் தெரிந்த முதியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதுமானது.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், நெடுங்காலம் இத்தீர்த்தம் நினைத்தபோது சென்றுவர முடியாத இடமாயிற்று. அக்காலத்தில் தந்தையை இழந்த பலர் வில்லூன்றியிலும், தாம் தங்கியிருந்த இடத்துக்கு அண்மையிலிருந்த கடற்கரைகளிலும் தர்ப்பணஞ் செய்தனர். கடல் ஒன்றே, ஆகவே அதில் குறையேதுமில்லை. ஆயினும் 2009இல் யுத்தம் முடிந்து வழி படிப்படியாகத் திறந்தபோது, முன்னரே கடன் கழித்தவர்களும் மீண்டும் கீரிமலைக்கே வந்தனர். தகப்பன் தன் தகப்பனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைத்த அதே கரையில் நிற்க வேண்டுமென்ற ஆசையைத் தவறென்று யார் சொல்லக்கூடும்? 2012இல் நகுலேஸ்வரத்தில் கும்பாபிஷேகமும் நிறைவேறியது.

தீர்த்தமாடி ஆலயத்தை வழிபட்டு வீடு திரும்பினால், அங்கே காத்தோட்டிக்காயும் சேர்ந்த மரக்கறிச் சமையல் ஆயத்தமாயிருக்கும். படைத்து, காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்திய பின்னரே விரதகாரர் இலையில் அமர்வர்.